கை கிரைண்டரை எப்போதெல்லாம் சோதிக்க வேண்டும்?

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையை ஒட்டி வீடு கட்டும் இடங்களில் மார்பிள் வெட்டும் மெஷினும் டிரில்லும் ஓயாமல் ஓடுகின்றன. கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைக்குப் பட்டறை கை கிரைண்டர். இந்தக் கருவிகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வகுத்து 2023 வரை நடப்பில் இருந்த விதிமுறைகள், மின் இணைப்புள்ள கட்டடங்களின் மின் அமைப்பை ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் ஆய்வு செய்யச் சொல்லியிருந்தன. சுவருக்குள் ஓடும் ஒயருக்கு அது பொருந்தும். தினமும் தரையில் இழுபட்டு, மிதிபட்டு, மழைநீரில் கிடக்கும் கிரைண்டர் ஒயர் அவ்வளவு நாள் தாங்காது. எடுத்துச் செல்லும் கருவிகளுக்குக் கனமான காப்புறையுள்ள கேபிள் வேண்டும், சிங்கிள் பேஸ் என்றால் மூன்று கம்பி வேண்டும் என்பதும் பழைய விதிதான். ஆனாலும் எர்த் பின் இல்லாத பிளக்குகளை இன்றும் பார்க்கிறோம்.

எர்த் கம்பி அறுந்தால் மெஷின் நிற்காது. வழக்கம்போலச் சுற்றும். உள்ளே காப்பு கெட்டு, மின்சாரம் உலோக உடலுக்குப் பாயும் நாளில்தான் அறுந்தது தெரியவரும். அப்போது பிடித்திருப்பவர் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும். எர்த் தொடர்ச்சியை மீட்டரிலும், காப்பின் வலுவை 500 வோல்ட் மெக்கரிலும் பார்ப்பது இதற்காகத்தான். சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட இரட்டைக் காப்புக் கருவிகளுக்கு எர்த் தேவையில்லை. காப்புச் சோதனை மட்டும் போதும்.

பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் கருவிகளைப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறதே தவிர, இடைவெளியைச் சொல்வதில்லை. ஆண்டுக்கொரு சோதனை கட்டாயம் என்ற நம்பிக்கை தவறு என்று அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்புத் துறையே விளக்கியிருக்கிறது. அதன் வழிகாட்டல் இடத்தைப் பார்க்கிறது. கட்டுமான இடத்தில் 230 வோல்ட் கருவி என்றால் ஒவ்வொரு ஷிப்டிலும் பயன்படுத்துபவரின் பார்வை, வாரம் ஒருமுறை பயிற்சி பெற்றவரின் ஆய்வு, மாதம் ஒருமுறை மீட்டர் சோதனை. அலுவலகக் கம்ப்யூட்டருக்கோ ஆண்டுக்கணக்கில் இடைவெளி விடலாம். நம் பட்டறைகளுக்கும் இந்தக் கணக்குதான் சரி.

இதில் செலவே இல்லாதது தினசரிப் பார்வை. பழுதுகளில் பெரும்பாலானவை கண்ணிலேயே சிக்கிவிடும். பிளக் கருகியிருக்கிறதா, ஒயர் உரிந்து டேப் சுற்றியிருக்கிறதா, மெஷினுக்குள் நுழையும் இடத்தில் ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையில் வேலை நடக்கும்போது 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் சுவிட்ச் வழியாகத்தான் கருவிக்கு மின்சாரம் தர வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனைக் காலையில் வேலை தொடங்கும் முன் அழுத்திப் பார்க்க வேண்டும். துண்டிக்காவிட்டால், அதை மாற்றும்வரை மெஷினை எடுக்கக் கூடாது.