பழைய காசுகளை வீட்டிலேயே படம் பிடிக்கலாம்

தாத்தா காலத்துக் காசு நாலைந்தாவது பீரோவில் இல்லாத வீடு குறைவு. கம்ப்யூட்டர் வாங்கியவுடன் அவற்றைப் படம் பிடித்து ஒரு போல்டரில் சேர்த்து வைக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். ஆனால் எடுத்த படத்தைத் திரையில் திறந்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பளபளப்பு, சுற்றிலும் மங்கல். ராணியின் முகமும் தெரியாது, ஆண்டும் தெரியாது. உடனே கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். காசு என்பது ஏறக்குறைய ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதை எல்லாம் அது திருப்பிக் காட்டும்.

படம் தெளிவாக இருக்க வேண்டியதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. நம் நாட்டுக் காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சிறு வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா நாணயச் சாலையில் அச்சிட்டது. 1862 என்று பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாய் அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே ஆண்டு எண்ணுடன் அச்சாகி வந்தது. மிகச் சிறிய புள்ளிகளை எண்ணித்தான் அதில் வகை பிரிக்கிறார்கள். புள்ளி தெரியாத படத்தை வைத்து எந்த நிபுணரும் எதுவும் சொல்ல முடியாது.

படம் எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. காசு பளிச்சென்று தெரியட்டும் என்று புளி, விபூதி, பாத்திரம் துலக்கும் பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசுக்கு சேகரிப்பவர்களிடம் மதிப்பு பாதிக்கு மேல் போய்விடலாம், போனது திரும்பாது. கருப்பாக இருந்தால் கருப்பாகவே படம் எடுங்கள். காசை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கைரேகை படிந்தால் அது படத்திலும் விழும், காசிலும் தங்கிவிடும்.

இனி கேமரா. டிஜிட்டல் கேமராவில் பூ போன்ற ஒரு அடையாளம் இருக்கும். அதுதான் மேக்ரோ. மிக அருகில் உள்ள பொருளைப் படம் எடுக்க அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செல்போன் என்றால் காசின் மேல் கொண்டு போய் ஒட்டாதீர்கள். பெரும்பாலான போன்களின் முக்கிய கேமராவுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் போகஸ் கிடைப்பதில்லை. சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் வெட்டிக் கொள்வதே நல்லது. டிஜிட்டல் ஜூம் வேண்டாம். அது படத்தை இழுத்துப் பெரிதாக்குமே தவிர, புதிதாக எதையும் காட்டாது.

கையில் பிடித்து எடுத்தால் ஆட்டம் நிச்சயம். ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை. தடித்த புத்தகங்களை இரண்டு அடுக்குகளாக வைத்து, மேலே போனைப் பாலம் போலப் படுக்க வையுங்கள். லென்ஸ் இடைவெளியின் மேல் வர வேண்டும். டைமரை இரண்டு வினாடிக்கு வைத்துவிட்டால் பட்டனைத் தொடும்போது வரும் அதிர்வும் அடங்கிவிடும். கேமரா நேராக இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. காசு வைக்கும் இடத்தில் சின்ன முகக் கண்ணாடியைப் படுக்க வையுங்கள். திரையின் நடுவில் லென்ஸின் பிம்பமே தெரிந்தால் சரி. விலகித் தெரிந்தால் வட்டமான காசு முட்டை வடிவத்தில் விழும்.

காசை நேராக மேசை மேல் வைக்காமல் பாட்டில் மூடி ஒன்றின் மேல் வைத்தால் நிழல் கீழே விலகிப் போகும், பின்னணியும் மங்கலாகி விடும். அடியில் பளபளப்பில்லாத சாம்பல் நிறத் தாள் விரிப்பது உத்தமம். பலர் கருப்பு வெல்வெட் துணி விரிப்பார்கள். கேமரா மொத்தக் காட்சியையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் என்பதால் வெள்ளிக்காசு வெளுத்துப் போகும். வெள்ளைத் தாளில் வைத்தால் இதற்கு நேர்மாறாக காசு இருண்டுவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வெளிச்சம். முதலில் பிளாஷை நிறுத்துங்கள். நேர் வெயிலும் வேண்டாம். ஜன்னல் ஓரம் போதும். இரவில் எடுப்பதாக இருந்தால் ஒரே வகை எல்.இ.டி. பல்பு போட்ட இரண்டு மேசை விளக்குகளை வைத்துக் கொண்டு அறை விளக்கை அணைத்து விடுங்கள். வேறு வேறு வகை பல்புகள் கலந்தால் செம்புக்காசு ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். விளக்குக்கும் காசுக்கும் நடுவில் டிரேசிங் தாள் ஒன்றைப் பிடித்தால் பளபளப்பு அடங்கும். அது சூடான விளக்கில் படக்கூடாது.

தேய்ந்த காசுக்கு இந்த மென்மையான வெளிச்சம் உதவாது. ராஜராஜ சோழன் செப்புக்காசு போன்றவற்றில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உண்டு. ராஜராஜன் பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். பல காசுகளில் இவை வெறும் மேடாகத்தான் மிஞ்சியிருக்கும். ஒரே ஒரு விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி பக்கவாட்டில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலோடு எழுந்து வரும். வெளிச்சம் படத்தின் மேல் பக்கத்திலிருந்து வர வேண்டும். கீழிருந்து வந்தால் புடைத்திருக்கும் முகம் பள்ளமாகத் தெரியும்! காசைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஐந்தாறு படம் எடுத்து, நல்லதை வைத்துக் கொள்ளுங்கள்.

புத்தம் புதிய, கண்ணாடி போல மின்னும் நாணயத்துக்கு வேறு உபாயம். போட்டோ பிரேமின் கண்ணாடி ஒன்றை காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்வாக நிறுத்தி, பக்கத்திலிருந்து அதன் மேல் விளக்கைக் காட்டுங்கள். ஒளி கண்ணாடியில் பட்டு நேர் கீழே காசின் மேல் இறங்கும். கண்ணாடி ஓரம் கையைக் கிழிக்கும், டேப் ஒட்டிவிடுங்கள்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து பார்க்கலாம். 25 மில்லிமீட்டர் காசு சுமார் 590 பிக்ஸல் அகலம் வரும். அடையாளத்துக்கு அது போதும், அழகுக்குப் போதாது.

கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் மூலப் படத்தைத் தொடாமல் ஒரு காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜேபெக் பைலைத் திருத்தித் திருத்தி சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். வெட்டவும் திருப்பவும் இலவச இர்பான்வியூ போதும். கூகுளின் பிகாசா 2016ல் நிறுத்தப்பட்டு விட்டதால் அதைத் தேட வேண்டாம். பைலின் பெயரில் ஆண்டு, மதிப்பு, முன்பக்கமா பின்பக்கமா என்பதைக் குறியுங்கள். எடை, குறுக்களவையும் எழுதி வைத்தால் காசு திருட்டுப் போனாலும் புகார் கொடுக்கக் கையில் ஆதாரம் இருக்கும்.

படத்தை யாருக்காவது அனுப்பும் முன் இன்னொரு வேலை பாக்கி. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். விண்டோஸில் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனால் கீழே சொந்தத் தகவல்களை நீக்கும் வசதி இருக்கிறது. விலை உயர்ந்த காசோடு வீட்டு முகவரியையும் சேர்த்து அனுப்புவானேன்? படத்தைப் பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் வாங்கிக் கொள்கிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் பதிலே அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கேட்கிறார்கள். தாங்கள் அப்படி எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரமும் தரவில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.