விறைப்புக் குறைபாட்டிற்கான மருந்துகள்: செயல்முறையும் எச்சரிக்கையும்

முன்னுரை

உடலுறவுக்குப் போதிய விறைப்பை அடையவோ நிலைநிறுத்தவோ இயலாத நிலை தொடருமாயின், அது விறைப்புக் குறைபாடு எனப்படும். இது நெடுங்காலம் பெரிதும் மனம் சார்ந்த சிக்கலாகவே கருதப்பட்டது. 1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சில்டெனாஃபில் மாத்திரைக்கு ஒப்புதல் அளித்தது. அதன்பின் மாத்திரையே முதன்மை மருத்துவமாயிற்று. அது செயல்படும் முறையை அறிந்தால் அதன் பயன், எல்லை, ஆபத்து ஆகிய மூன்றும் விளங்கும்.

மருந்தின் தோற்றம்

இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரிலுள்ள ஃபைசர் நிறுவன ஆய்வகத்தில், இதயம் சார்ந்த நெஞ்சுவலிக்கான மருந்தாகவே சில்டெனாஃபில் ஆராயப்பட்டது. அந்நோய்க்கு எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆனால் ஆய்வில் பங்கேற்ற ஆண்கள் சிலரிடம் விறைப்பு பக்கவிளைவாகத் தோன்றியது.

செயல்முறை

பாலுணர்வு தூண்டப்படும்போது ஆண்குறியின் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அதன் விளைவாக மென்தசைச் செல்களில் சி.ஜி.எம்.பி. என்னும் பொருள் பெருகுகிறது. தசை தளர்ந்து குருதி நிறைகிறது. பாஸ்போடைஎஸ்டெரேஸ்-5 என்னும் நொதி அப்பொருளைச் சிதைக்கும்போது விறைப்பு தணிகிறது. சில்டெனாஃபில், டடாலாஃபில், வர்டெனாஃபில் ஆகியன இந்நொதியைத் தடுப்பவை; நைட்ரிக் ஆக்சைடைத் தாமே உண்டாக்குபவை அல்ல. எனவே பாலுணர்வுத் தூண்டலின்றி இவை பயன் தருவதில்லை, ஆசையைப் பெருக்குவதுமில்லை. புரோஸ்டேட் அறுவையில் நரம்புகள் சிதைந்தோர்க்கு இவற்றின் பயன் குறைவு. அத்தகையோர்க்கு ஆண்குறியில் நேரடியாகச் செலுத்தப்படும் அல்ப்ரோஸ்டாடில் ஊசி உதவக்கூடும்.

கால அளவும் மருந்துக்கு மருந்து வேறுபடும். சில்டெனாஃபிலின் விளைவு சில மணி நேரமே நீடிக்கும். டடாலாஃபிலின் விளைவு 36 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப்பின் உட்கொண்டால் சில்டெனாஃபில் செயல்படத் தாமதமாகும்.

எச்சரிக்கை

நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கப்படும் நைட்ரோகிளிசரின் உள்ளிட்ட நைட்ரேட் மருந்துகளும் சி.ஜி.எம்.பி.யையே பெருக்குகின்றன. ஒன்று அப்பொருளைப் பெருக்க, மற்றொன்று அதன் சிதைவைத் தடுப்பதால், இரண்டும் சேரும்போது குருதியழுத்தம் உயிருக்கு ஆபத்தாகுமளவு வீழலாம். சில்டெனாஃபில் உட்கொண்ட 24 மணி நேரத்திற்குள்ளும் டடாலாஃபில் உட்கொண்ட 48 மணி நேரத்திற்குள்ளும் நைட்ரேட் அளித்தலாகாது. ஆகவே, நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்கு வருபவர் இம்மாத்திரை உட்கொண்டதை நாணத்தால் மறைப்பின், வலியைத் தணிக்க அளிக்கப்படும் மருந்தே உயிருக்குக் கேடாகலாம்.

முடிவுரை

ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. ஆதலின் தமனி அடைப்பு விறைப்புக் குறைபாடாகவே முதலில் வெளிப்படலாம். நீரிழிவு, உயர் குருதியழுத்தம், புகைப்பழக்கம் ஆகியன இரண்டிற்கும் பொதுவான காரணங்களாகும். மருத்துவரை நாடாமல் மாத்திரையை மட்டும் வாங்கி உண்பவர், குறையை மறைப்பதோடு இதயநோயின் முன்னறிவிப்பையும் இழக்கிறார் எனலாம்.