தலைக்கு எவ்வளவு தொண்டு?

சேர்வராயன் மலையில் அன்று பிரசவ வலி கண்ட பெண்ணை டோலியில்தான் தூக்கி வருவார்கள். நீளமான கொம்பில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி, முன்னும் பின்னும் தோள் கொடுத்து, ஆள் மாற்றி ஆள் மாற்றி நடப்பார்கள். கரடியூர் போன்ற மலைக் கிராமங்களுக்குச் சாலை வரும்வரை ஊரார் தோள்தான் ஆம்புலன்ஸ். கூலி என்ற பேச்சே கிடையாது. அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இன்று சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் அதே மலையின் ஏற்காடு. 2008 முதல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதன் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் அரசுச் செலவுக் கணக்கில் வந்துவிடுகின்றன. ஆனால் அரசும் செய்யாமல், வீட்டாரும் காசு கொடுக்காமல் நடக்கும் சேவைகள் இன்னும் எத்தனையோ உண்டு. இலவச மருத்துவ முகாம், மாலை நேரப் பாடசாலை, முதியோர் இல்லம் என்று அறக்கட்டளைகளும் சங்கங்களும் செய்பவை அவை. அவற்றின் மதிப்பு என்ன?

பொருளாதாரக் கணக்கில் இதற்கு நேரான வழி உண்டு. ஒரு தொண்டு மருத்துவமனைக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் செலவு, நோயாளிகள் கட்டியது 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 6 லட்சம்தான் மக்களுக்காக நிறுவனம் செய்த நுகர்வுச் செலவு. பயன்பெறும் ஊர்களில் 300 பேர் என்றால் தலைக்கு 2,000 ரூபாய். செலவை ஈடுகட்டும் அளவுக்குக் கட்டணம் வாங்கும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது. அங்கே பெற்றோரின் செலவாகவே அது பதிவாகிறது. ஏற்காட்டில் 1894-ல் சேக்ரட் ஹார்ட், 1917-ல் மான்ட்ஃபோர்ட் என்று புகழ்பெற்ற பள்ளிகள் வந்தன. அதற்காகக் கல்வி நிறுவனம் எல்லாம் தொண்டு என்று மொத்தமாகக் கூட்டிவிட முடியாது. கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அமெரிக்கா 2014 முதல் மாநிலவாரி நுகர்வுச் செலவை வெளியிடுகிறது. அதில் தொண்டு நிறுவனங்களின் செலவுக்குத் தனி வரிசை இருக்கிறது. மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று யாரும் பார்க்கலாம். நம் தேசியக் கணக்கில் இது வீடுகளின் செலவோடு சேர்ந்தே 'தனியார் இறுதி நுகர்வு' ஆகிவிடுகிறது. வீட்டு நுகர்வு ஆய்வும் முழுக்க உதவாது. 2022-23 ஆய்வு இலவச அரிசி, சைக்கிள், மடிக்கணினிக்கெல்லாம் மதிப்புப் போட்டது. இலவசக் கல்விக்கும் சிகிச்சைக்கும் போடவில்லை.

நிறுவனங்களையே எண்ணவும் முயன்றார்கள். 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் தொடங்கிப் பதிவானவை 31 லட்சத்துக்கு மேல். மத்தியப் புள்ளியியல் அமைப்பு 2012-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தேடிப்போனபோது அகப்பட்டவை ஏழு லட்சத்துக்கும் குறைவு. பெயர்ப்பலகை ஒரு கணக்கு, வேலை வேறு கணக்கு என்பது அப்போதே வெளிச்சமாகிவிட்டது.

வேலை எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. தருமபுரியின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்டிலிங்கி. 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் அங்கே பழங்குடி மக்கள் கட்டிக்கொடுத்த குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு, பின்னாளில் அதை 20-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. ஊர்ப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். மாநிலச் சராசரியில் கரைத்தால் அந்த மருத்துவமனையின் செலவு தலைக்குப் பைசாக்கணக்கில்தான் நிற்கும். பள்ளத்தாக்கின் தலைகளால் வகுத்தால்தான் அதன் எடை புரியும்.

அதனால்தான் இந்தக் கணக்கை மலைவாரியாகப் போட வேண்டும் என்கிறேன். அன்று தொண்டு செய்தவர்களிடம் கணக்கு இல்லை. இன்று பல அறக்கட்டளைகளிடம் தணிக்கை செய்த வரவு செலவு இருக்கிறது. 2014 முதல் பெரிய வணிக நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. ஏற்காடு ஒன்றிய அளவில் இவற்றைத் திரட்டி, கட்டணத்தைக் கழித்து, மக்கள்தொகையால் வகுப்பது பெரிய வித்தை அல்ல. கூடவே தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தையும் தனிப் பத்தியில் எழுத வேண்டும், இத்தகைய நிறுவனங்களைக் கணக்கிட 2003-ல் ஐ.நா. வெளியிட்ட கையேடே அதைச் சொல்கிறது.

நன்கொடை நின்று கரடியூரில் ஒரு மாலைப் பாடசாலை மூடப்பட்டால், மறு ஆண்டுக் கணக்கில் ஒன்றியத்தின் தலைக்கான தொகை இறங்கியிருக்கும். அந்த இறக்கம் எழுத்தில் இருந்தால்தான், அந்த இடத்தை அரசு நிரப்ப வேண்டும் என்று மலைக்காரர்கள் கிராம சபையில் எழுந்து கேட்க முடியும்.