விரல்ரேகையும் பெற்றோரின் கையொப்பமும்

நூலகத்தில் புத்தகம் இரவல் பெறவும், மதிய உணவுக்குப் பணம் செலுத்தவும், வருகையைப் பதிவு செய்யவும் மாணவரின் விரல்ரேகையைப் பயன்படுத்தும் வழக்கம், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பிரிட்டனின் பள்ளிகளில் கால்கொண்டுவிட்டது. 2012-13 கல்வியாண்டில் 8 லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விரல்ரேகைகள் பதிவு செய்யப்பட்டிருக்கக்கூடும் என, 'பிக் பிரதர் வாட்ச்' என்னும் உரிமை அமைப்பு 2014-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அவ்வாறு பதிவு செய்த பள்ளிகளுள் ஏறத்தாழ பத்தில் மூன்று, பெற்றோரைக் கலந்துகொள்ளவே இல்லை என்றும் அது கூறியது.

இதனைத் தொழில்நுட்ப வல்லுநர்க்கு மட்டுமே உரிய பொருள் என ஒதுக்கிவிடுதல் இயலாது. பிள்ளையின் சார்பில் கையொப்பமிடுமாறு கேட்கப்படுபவர் பெற்றோரே. நாம் எதற்கு ஒப்புதல் தருகிறோம்? அதனைத் தருவதற்கு நமக்குள்ள அதிகாரம் எவ்வளவு? இவ்விரு வினாக்களையும் ஒரு பெற்றோர் என்ற நிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இக்கருவியின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் பயன்தரும். விரல்ரேகையை ஆளடையாளமாகக் கொள்ளும் நவீன முறையின் வளர்ச்சியில் வங்காளத்திற்குப் பெரும் பங்கு உண்டு. 1858-இல் அங்கு ஆட்சி அலுவலராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ஒப்பந்தம் ஒன்றில் உள்ளூர்க்காரர் ஒருவரின் கைப்பதிவைப் பெற்றார். பின்னர், பல்லாயிரக் கணக்கான ரேகைகளை வகைபிரித்து, வேண்டியபோது தேடி எடுக்கும் முறை அம்மாகாணத்திலேயே உருவாயிற்று. அம்முறை காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயரால் இன்றும் வழங்குகிறது. ஆயினும், அதன் உருவாக்கத்தில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய காஜி அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரின் உழைப்பு தலையாயது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். 1897-இல் கல்கத்தாவில் இதற்கெனத் தனிச் செயலகம் அமைந்தது. 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை ஏற்றது. குற்றவாளியைக் கண்டறிவதே அங்கு அதன் பணி. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர், குற்றம் என்னும் சொல்லையே அறியாத சிறார், கதைப்புத்தகம் ஒன்றை இரவல் பெற அதே அடையாளத்தைத் தரவேண்டிய நிலை அந்நாட்டில் தோன்றியது.

பள்ளிகளில் இம்முறை இயங்கும் விதம் எளியது. பிள்ளை கண்ணாடித் தகட்டின்மீது விரலை வைக்கிறது. ரேகை முடிவுறும் இடங்களையும் இரண்டாகக் கிளைக்கும் இடங்களையும் கணினி குறித்துக்கொண்டு, அவற்றை எண்களின் தொகுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. இத்தொகுப்பை 'வார்ப்புரு' என்பர். மறுமுறை விரல் வைக்கப்படும்போது புதிய எண்கள் பழையவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. 'நாங்கள் ரேகையின் படத்தை வைத்துக்கொள்வதில்லை. வெறும் எண்களையே வைத்திருக்கிறோம். அவற்றிலிருந்து ரேகையை மீட்டெடுக்க இயலாது' என்பது விற்பனையாளர்கள் வழக்கமாகத் தரும் உறுதிமொழி. ஆனால், பொதுத் தரத்தில் அமைந்த வார்ப்புருவிலிருந்து, ஒப்பிடும் கருவியை ஏமாற்றத்தக்க அளவுக்கு ரேகைப் படத்தை மீள உருவாக்க இயலும் என்பதை இத்தாலியின் போலோஞ்ஞாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-லேயே மெய்ப்பித்தனர். எனவே 'வெறும் எண்கள்' என்ற சொல் நம்மை அமைதிப்படுத்தப் போதுமானதன்று.

பள்ளிகளின் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. அவற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. பிள்ளைகள் அட்டைகளைத் தொலைத்துவிடுகின்றனர். கையில் பணம் வைத்திருக்கும் சிறுவனிடமிருந்து முரடர்கள் அதனைப் பறிப்பதுண்டு. இலவச உணவு பெறும் ஏழைப் பிள்ளை யார் என்பது மற்றவர்க்குத் தெரியாமல் இருப்பதும் நல்லதே. உணவுக்கூடத்தின் வரிசையும் விரைந்து நகர்கிறது. ஆயினும், இந்நன்மைகளுள் பெரும்பாலானவற்றை எண் பொறித்த அட்டையோ இரகசிய எண்ணோ தரமுடியும். தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை வாங்கலாம். மறந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். களவுபோன விரல்ரேகையை மாற்றிக்கொள்ள வழியில்லை. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகக் கணினிகளிலிருந்து 56 லட்சம் பேரின் விரல்ரேகைகள் களவாடப்பட்டதை 2015-இல் அவ்வரசே ஒப்புக்கொண்டது. பெருவல்லரசின் காப்பறைக்கே இக்கதி என்றால், ஒரு பள்ளியின் கணினியைப் பற்றி என்ன உறுதி கூறமுடியும்? ஏழு வயதில் பதியப்படும் ரேகையோடு அப்பிள்ளை இன்னும் எழுபது ஆண்டுகள் வாழவேண்டியிருக்கும்.

இக்கவலைகளின் பயனாகவே, பெற்றோர் பலர் குரல் எழுப்பியதன் பின்னர், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2012-இல் 'சுதந்திரங்களின் பாதுகாப்புச் சட்டம்' என்னும் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவுகளைச் சேர்த்தது. அவை 2013 செப்டம்பர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடலடையாளத் தரவைப் பெறுமுன் பள்ளி பெற்றோர்க்கு அறிவிக்கவேண்டும். ஒருவரேனும் எழுத்து மூலம் ஒப்பவேண்டும். மற்றவர் எழுத்து மூலம் மறுத்தால் அவ்வொப்புதல் செல்லாது. தரவைத் தர விரும்பாத பிள்ளைக்குத் தக்க மாற்று வழி அமைத்துத் தருவதும் பள்ளியின் கடமை.

இவை அனைத்தினும் ஆழ்ந்த கருத்துடையது மற்றொரு விதி. பெற்றோர் இருவரும் ஒப்பினாலும், பிள்ளை மறுத்தால் பள்ளி அத்தரவைப் பெறக்கூடாது. அம்மறுப்பு எழுத்தில் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. பெற்றோரின் அதிகாரத்தை இது குறைக்கிறதே என முதல் நோக்கில் தோன்றலாம். சிந்தித்துப் பார்த்தால், பெற்றோர் நிலை யாது என்பதை இவ்விதி தெளிவாக்குகிறது எனலாம். பிள்ளையின் உடலுக்கு நாம் காவலர், உரிமையாளர் அல்லர்.

சட்டம் இருப்பினும் அது எவ்வாறு நழுவவிடப்படுகிறது என்பதற்கு ஓர் அண்மைச் சான்று உண்டு. எசெக்ஸ் மாவட்டத்தின் செல்ம்ஸ்ஃபோர்டு நகரிலுள்ள, ஏறத்தாழ 1,200 மாணவர் பயிலும் பள்ளியொன்று, 2023 மார்ச்சில் உணவுக்கூடத்தில் முகமறியும் கருவியைப் பொருத்தியது. விரும்பாத பெற்றோர் மட்டும் சீட்டைத் திருப்பி அனுப்புமாறு கேட்கப்பட்டனர். சீட்டு வராதோர் இசைந்தவராகவே கொள்ளப்பட்டனர். 2024 ஜூலையில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அப்பள்ளியைக் கண்டித்தது. மௌனம் ஒப்புதல் ஆகாது என்பதோடு, அம்மாணவருள் பெரும்பாலோர் தாமே முடிவெடுக்கத் தக்க வயதினர். அவர்தம் உரிமை பறிக்கப்பட்டது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

சுவீடன் நாட்டின் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஷெலெஃப்டியோ நகராட்சியின் மேனிலைப் பள்ளி ஒன்றில் 22 மாணவரின் வருகையை முகமறியும் கருவியால் மூன்று வாரங்கள் பதிந்து பார்த்தனர். ஒப்புதல் பெறப்பட்டிருந்தது. ஆயினும் 2019-இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனர் தண்டம் விதித்தது. பள்ளியைச் சார்ந்து நிற்கும் மாணவர், அதன் வேண்டுகோளை மனமார மறுக்கும் நிலையில் இல்லை. ஆதலின் அது மெய்யான ஒப்புதல் ஆகாது என்பதே அதன் வாதம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க நிற்கும் எந்தப் பெற்றோரும் இவ்வுண்மையைத் தம் அனுபவத்தில் உணர்வர்.

நம் நாட்டிலும் இவ்வினா எழாமல் இல்லை. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்றும், பிள்ளையைப் பதிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும் கூறியது. 18 வயது நிறைந்தபின் ஆறு மாதங்களுக்குள் தம் ஆதார் எண்ணை நீக்கக் கோரும் உரிமையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பிள்ளைகளுக்கு வழங்கிற்று. இங்கும் அடிப்படை ஒன்றே. பெற்றோரின் 'ஆம்' என்பது பிள்ளை வளரும் வரைக்குமான தற்காலிக இசைவு.

ஆகவே, இத்தகைய படிவம் கைக்கு வரும்போது பெற்றோர் சில வினாக்களைத் தயங்காது எழுப்பவேண்டும். இத்தரவு எதற்கு? யாரிடம் இருக்கும்? பிள்ளை பள்ளியை விட்டு நீங்கும்போது அழிக்கப்படுமா? மறுப்பவர்க்கு, மானம் குன்றாத மாற்று வழி உண்டா? எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையிடம் யாரேனும் கேட்டார்களா? பிள்ளையின் விரல்ரேகை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. பிறர்க்கு அளித்துவிடும் உரிமை மிகக் குறைவே. உணவு வரிசையில் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன என்பதற்காக அப்பொறுப்பைக் கைநெகிழ விடுதல் தகாது.