ஆட்டோடு வந்த வெக்கை

காடும் பட்டியும் – 7

1987 ஜூலைக் கடைசியில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய அமைதிப்படை வடக்கிலும் கிழக்கிலும் வந்து இறங்கியது. படையின் சாப்பாட்டுக்காக இந்தியாவிலிருந்து ஆடுகள் உயிரோடு கொண்டுவரப்பட்டன. நாற்பது வருடங்களாக இந்தத் தீவில் தலைகாட்டாதிருந்த மாட்டு வெக்கை நோய் அந்த ஆடுகளோடு கரையேறியது. மாடுகளும் எருமைகளும் செத்தன. யுத்தம் நடக்கிற மண்ணில் பட்டி பட்டியாகப் போய் ஊசி போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. இலங்கையின் கடைசி வெக்கை 1994இல்தான் முடிந்தது. அந்த வருடங்களில் மனிதருக்கு நடந்ததையே எழுதித் தீரவில்லை. மாடுகளின் கதைக்கு இடம் எங்கே கிடைத்திருக்கும்? ஆனாலும் எருமைத் தயிரை நம்பி அடுப்பெரித்த கிழக்குக் குடும்பங்களுக்கு அதுவும் ஓர் அழிவுதான். அதை எழுதாமல் விடக்கூடாது.

ஆடு ஏன் இந்த வேலைக்கு அவ்வளவு தோதாக இருந்தது? வெக்கை வைரஸ் மாட்டின் உடம்பில் புகுந்தால் காய்ச்சல், வாய்ப்புண், பீச்சும் கழிச்சல் என்று சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். நோயுள்ள மாட்டை யாரும் மறைக்க முடியாது. ஆட்டிலோ பல வேளை அதன் வேகம் குறைவு. கொஞ்சம் சோர்ந்து நிற்கும், மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். கப்பலில் ஏற்றும்போது சந்தேகப்பட எதுவும் இருக்காது. நோய் எதில் கடுமையோ அந்த விலங்கை மட்டும் பார்த்து நிற்கிறோம். கடத்திக்கொண்டு வருவது பெரும்பாலும் வேறொன்று.

இந்த வைரஸின் குடும்பம் பெரியது. நம் பிள்ளைகளுக்கு வரும் சின்னமுத்து வைரஸ் வெக்கையின் நெருங்கிய உறவு. பெர்லினில் 1912ஆம் ஆண்டிலிருந்து பாதுகாத்து வைத்திருந்த ஒரு குழந்தையின் நுரையீரல் துண்டிலிருந்து சின்னமுத்து வைரஸின் மரபணுவைப் படித்தெடுத்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டும் கி.மு. ஆறாம் நூற்றாண்டளவிலேயே பிரிந்திருக்கலாம். சில லட்சம் பேர் நெருங்கி வாழும் நகரங்கள் எழுந்த காலம் அது. நோய் கண்டு தப்பியவருக்கு மறுபடி வராத வைரஸ் பிழைக்க வேண்டுமானால், புதிதாகப் பிறக்கும் உடல்கள் ஓயாமல் கிடைக்க வேண்டும். மாட்டு மந்தை பெருகியதால் மாட்டு வைரஸ் நிலைத்தது. நகரம் பெருகியதால் அதன் ஒரு கிளை மனிதரிடம் நிலைத்தது. நாய்க்கு வரும் டிஸ்டெம்பரும் இதே குடும்பம்தான். 1994இல் செரெங்கெட்டியின் சிங்கங்களைக் கொன்றது அதுதான். கடலிலும் இவற்றின் உறவு உண்டு: 1988இல் வட கடலின் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின.

உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் இந்த வைரஸ்கள் உள்ளே போகின்றன. இனத்துக்கு இனம் அந்தப் புரதம் சிறிதளவே மாறும். வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை விட்டுக்கொண்டே போகும். கோடிப் பிழைகளில் ஏதோ ஒன்று புதிய புரதத்துக்குப் பொருந்திவிட்டால் போதும். ஆனால் அந்தப் பிழைக்கு வாய்ப்பு வேண்டும். இரண்டு இனங்கள் ஒரே தண்ணீரில் வாய் வைக்க வேண்டும். அந்த இடத்தை அமைத்துக் கொடுப்பவர்கள் நாம்.

அமைதிப்படை வந்ததற்கு நூறு வருடம் முன்னால் போவோம். 1887இல் எரித்திரியாவின் மசாவாத் துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக மாடுகள் இறங்கின. அங்கும் படை, அங்கும் துறைமுகம், அங்கும் படைக்கென்று வந்த விலங்கு. சில வருடங்களில் வெக்கை தென்னாபிரிக்கா வரை போனது. மாடுகளில் பெரும்பகுதி அழிந்தது, எதியோப்பியாவில் பஞ்சம் விழுந்தது. காட்டெருமையும் வில்டபீஸ்ட் மான்களும் மடிந்தன. பிறகு பல காலம் காட்டு விலங்குகள்தான் நோயைக் காத்துவைத்து மாட்டுக்குக் கொடுக்கின்றன என்றே நம்பினார்கள். வால்டர் ப்ளோரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசியைச் செரெங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குப் போட்டார்கள். காட்டில் ஒரு விலங்குக்கும் ஊசி போடவில்லை. காட்டிலிருந்தே நோய் மறைந்தது! 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமளவில் இருந்த வில்டபீஸ்ட் 1970களின் முடிவில் பதின்மூன்று லட்சமாயிற்று. 2001இல் கென்யாவின் மேரு பூங்காவில் வெக்கை கடைசியாகக் கண்ட விலங்கு ஒரு காட்டெருமை. 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். காட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது தவறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அம்பாறைக் கரையில் இது வெறும் ஆபிரிக்கக் கதையல்ல. வயல் விதைத்ததும் அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்துப் பட்டிகள் காட்டோரத்துக்கு ஓட்டப்படுகின்றன; வெட்டு முடிந்ததும் வயலுக்குத் திரும்புகின்றன. காட்டோரத்தில் மானும் மரையும் குடிக்கிற மடுவில்தான் மாடும் குடிக்கிறது. வட்டமடு மேய்ச்சல் தரைக்காகப் பட்டிக்காரரும் வயல்காரரும் பல வருடமாக இழுபறிப்படுகிறார்கள். மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க மாடு காட்டுக்குள் இன்னும் தள்ளிப் போகிறது. மேய்ச்சல் தரையை வரையறுத்துக் கொடுப்பதும் நோய்த்தடுப்புத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வெக்கை போன இடத்தில் இப்போது நிற்பது ஆட்டுக்கொல்லி. மேற்கு ஆபிரிக்காவில் 1942இல் விவரிக்கப்பட்ட நோய். இந்தியாவில் முதன்முதலில் உறுதியானது அதே 1987இல், தமிழ்நாட்டில் விழுப்புரத்துப் பக்கம் அரசூரில். வெக்கைக்கு மிக நெருங்கிய இன்னொரு வைரஸ் இது. 2016இல் மங்கோலியாவின் வீட்டு ஆடுகளுக்கு வந்து, அதே குளிர்காலத்தில் அங்குள்ள அரிய சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. மறுபடியும் பட்டியிலிருந்து காட்டுக்கு.

நம் அம்பாறைக் கரையிலும் ஒரு துறைமுகம் உண்டு: ஒலுவில். அதை 2013இல் திறந்தார்கள். வர்த்தகக் கப்பல்களுக்கென்று கட்டியதன் வாயை மணல் அடைத்தது, கரையைக் கடல் அரித்தது. மீன்பிடிப் படகுகளே அதன் வாழ்க்கையாயிருந்தன. என்றாவது அது பழுதுபார்க்கப்படும், கப்பல் வரும், வரவேண்டும். அன்று அங்கே மீனுக்கு ஐஸ் அறை கேட்பது போலவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். உலக விலங்குச் சுகாதார அமைப்பின் விதி ஆட்டுக்கொல்லியின் அடைகாலத்தை 21 நாள் என்று வைக்கிறது. இறங்குகிற ஆட்டை, அது எவ்வளவு துள்ளி விளையாடினாலும், 21 நாள் தனியே கட்டிவைக்கக் கொட்டிலும் இரத்தம் எடுத்துச் சோதிக்க ஒரு மிருக வைத்தியரும் அங்கே இருக்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கி ஆட்டு விலை ஏறுகிற வாரத்திலும் அந்தக் கொட்டிலின் கதவு முன்கூட்டித் திறக்கப்படக் கூடாது.