தொலைந்த பேனாக்கத்திக்கு ஈடு

பர்ஸ் தொலைந்தால் வீடே சேர்ந்து தேடும். செல்போன் தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். பேனாக்கத்தி தொலைந்துபோனது என்றால், “வேற ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?” என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ‘வேற ஒண்ணு’ அத்தனை சுலபத்தில் அகப்படாது என்பது, ஒரே கத்தியை வருஷக்கணக்காகச் சட்டைப்பையில் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். கடைக்குப் போனால் கத்திகள் வரிசையாக இருக்கும். நம் கை பழகிய கத்தி மட்டும் இருக்காது. சில நேரம், உலகத்தில் எந்தக் கம்பெனியும் அதைத் தயாரிப்பதையே நிறுத்தியிருக்கும்.

எனக்கு நடந்தது அதுதான். என்னிடமிருந்தது வெங்கர் என்ற ஸ்விஸ் கம்பெனியின் கத்தி. 85 மில்லிமீட்டர் நீளம், சிவப்புப் பிடி, ஒரு பெரிய அலகு, ஒரு கத்தரி, டப்பா திறப்பான், ஸ்க்ரூடிரைவர், தமர் ஊசி. ஸ்விட்சர்லாந்தில் குடியேறிவிட்ட யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ஊருக்கு வந்தபோது சாக்லெட் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தது. திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு ரயில் பயணத்தில் அது போய்விட்டது.

அந்தக் கத்தரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடல் முழுவதும் அதைச் சுற்றித்தான் நடந்தது. வெட்டும் விளிம்பில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பொடிப் பற்கள் இருக்கும். நூலோ நைலான் கயிறோ வழுக்கிக்கொண்டு ஓடாமல் அந்தப் பற்கள் பிடித்துக்கொள்ளும். பால் பாக்கெட் முனை, மாத்திரை அட்டை, பார்சல் டேப், பிள்ளைகளின் நகம் என எல்லாவற்றுக்கும் அதுதான். இன்னொரு ஸ்விஸ் கம்பெனியான விக்டோரிநாக்ஸின் வழக்கமான கத்தரியில் மெல்லிய தகடு வில் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நாளாவட்டத்தில் அது முறிவதுண்டு, மாற்றிக்கொள்ளவும் முடியும். வெங்கர் கத்தரியில் அப்படித் தனியாக ஒரு வில் கிடையாது. கட்டைவிரலை வைத்து அழுத்தினால் நெம்புகோல் இறங்கும், விட்டால் எழும்.

அதே கத்தியை வாங்கலாம் என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெங்கர் என்ற பெயரில் கத்தி வருவதே நின்றுவிட்டது.

இந்தக் கதையின் வேர் 1880களுக்குப் போகிறது. கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் ஸ்விட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலத்தில், இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். அப்போது ஸ்விஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்கு மடக்குக்கத்தி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. 1889-ல் வந்த புதுத் துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூடிரைவர் வேண்டும். டப்பாவில் அடைத்த உணவைத் திறக்கவும் ஒன்று வேண்டும். இந்த இரண்டு தேவையும் ஒரே பிடிக்குள் அடங்கியதுதான் சிப்பாய்க் கத்தி. முதல் தொகுதியைச் செய்துதரும் வசதி ஸ்விட்சர்லாந்தில் இல்லாததால் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து வாங்கினார்கள். 1891-ல் எல்ஸனர் தானே ராணுவத்துக்குக் கத்தி தரத் தொடங்கினார். 1897-ல் எடை குறைந்த, தக்கை திருகியும் இரண்டாவது அலகும் சேர்ந்த அதிகாரிகள் கத்திக்குப் பதிவு வாங்கினார். இன்று நாம் காணும் சிவப்புக் கத்திகள் எல்லாம் அதன் வாரிசுகள்தான். 1909-ல் தாய் விக்டோரியா இறந்தபோது அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இநாக்ஸ்’ 1921-ல் அதோடு சேர்ந்து விக்டோரிநாக்ஸ் ஆயிற்று.

மலைகளுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு பேசும் யூரா பகுதியில், டெலமோன் நகரில் இன்னொரு கம்பெனி வளர்ந்தது. அதுதான் வெங்கர். ஜெர்மன் பேசும் பகுதிக்கு ஒன்று, பிரெஞ்சு பேசும் பகுதிக்கு ஒன்று என்று ராணுவம் 1908 முதல் கத்தி ஒப்பந்தத்தை இரண்டு கம்பெனிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இந்த ஏற்பாடு நீடித்தது. ஒரே மாதிரி சிவப்பு, ஒரே சிலுவை. ஆனால் விக்டோரிநாக்ஸில் சிலுவை கேடய வடிவத்துக்குள் இருக்கும், வெங்கரில் முனை மழுங்கிய சதுரத்துக்குள். பழைய கத்தி ஒன்று கையில் வந்தால் யார் செய்தது என்று கண்டுபிடிக்க இது போதும்.

2001 செப்டம்பர் 11 இதையெல்லாம் புரட்டிப்போட்டது. விமானக் கேபினுக்குள் கத்தி கூடாது என்று உலகமெங்கும் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் ஓடிக்கொண்டிருந்த வியாபாரம் படுத்தது. விக்டோரிநாக்ஸ் அந்தச் சமயத்தில் ஆட்குறைப்புக்குப் போகாமல், சில தொழிலாளர்களை அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கு இரவல் அனுப்பிச் சமாளித்தது. நான் அந்தக் கம்பெனியை மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெங்கர் தள்ளாடியது. 2005-ல் விக்டோரிநாக்ஸ் அதை வாங்கியது. கத்திகளை ஒரே பெயரின் கீழ் கொண்டுவரப்போவதாக 2013-ல் அறிவித்தது. கைக்கடிகாரங்களிலும் பைகளிலும் வெங்கர் பெயர் தொடர்கிறது. கத்தியில் இல்லை.

நின்றுபோன கத்தியைத் தொலைத்தவருக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, அதே கத்தியைப் பழைய பொருள் சந்தையில் தேடுவது. இரண்டு, அது செய்த வேலையைச் செய்யும் புதுக் கத்தியைத் தேடுவது.

முதல் வழியில் போகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். தாத்தா கொடுத்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது என்றெல்லாம் இருந்தால் மனசு அதே உருவத்தைத்தான் கேட்கும். அப்படித் தேடும்போது பிடியைப் பார்த்து மயங்கக் கூடாது. சிவப்புப் பிளாஸ்டிக்கும் வெள்ளைச் சிலுவையும் ஒட்டிய போலிகள் நடைபாதைக் கடைகளில் குவிந்துகிடக்கின்றன. அலகை விரித்து, அது பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியைப் பாருங்கள். அசலில் கம்பெனி பெயரும் நாடும் அங்கே தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்து அலகின் உருவம். பல தடவை சாணை பிடித்துத் தேய்ந்துபோன அலகின் வயிறு உள்வாங்கியிருக்கும். அப்படிப்பட்ட கத்தியைப் பார்த்து வைக்கலாம், பழம் நறுக்க முடியாது. இதில் எனக்கு வேறொரு சங்கடமும் உண்டு. அரிய பொருள் என்று அதிக விலை கொடுத்து வாங்கிய கத்தியைச் சட்டைப்பையில் போட யாருக்கும் துணிச்சல் வராது. அது பீரோவுக்குள் போய்விடும். பேனாக்கத்தி பீரோவுக்குள் இருக்க வேண்டிய பொருள் இல்லை.

இரண்டாவது வழிதான் சரி என்பது என் கட்சி. அதற்கு முதலில், தொலைந்த கத்தியால் நிஜமாகவே என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டும். என் கணக்கில் பாதி வேலை கத்தரியுடையது. மிச்சத்தில் பெரும்பகுதி பழம், பனங்கிழங்கு, பார்சல். ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூ எப்போதாவது. ரம்பம் வேண்டியதே இல்லை, பூதக்கண்ணாடியும் இல்லை. தக்கை திருகியைத் தேவையில்லாதது என்று நினைத்திருந்தேன். பூக்காரம்மா போட்ட இறுகிய முடிச்சை அவிழ்க்க அதைப்போல வேறொன்று இல்லை என்று பிறகு தெரிந்தது. இப்படி யோசித்துவிட்டுக் கடைக்குப் போனால், இருபது கருவி உள்ள தடித்த கத்தி நம் கண்ணை இழுக்காது.

விக்டோரிநாக்ஸில் 91 மில்லிமீட்டர் வரிசைதான் பிரதானம். கத்தரி வேண்டுமென்றால் கிளைம்பர். கத்தரியோடு மரம் அறுக்க ரம்பமும் சேர வேண்டுமென்றால் ஹன்ட்ஸ்மேன். நட்சத்திர ஸ்க்ரூ அதிகம் திருகுகிறவருக்கு டிங்கர். சாவிக்கொத்தில் தொங்கவிட 58 மில்லிமீட்டர் கிளாசிக். உலோகப் பிடிதான் பிடிக்கும் என்பவர்களுக்கு அலுமினியப் பிடி போட்ட பயனியர் இருக்கிறது. பல்குச்சியும் சாமணமும் அதில் வராது. அலகின் எஃகு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கடினம் ராக்வெல் அளவில் 56. இன்றைய விலையுயர்ந்த கத்திகளோடு ஒப்பிட்டால் இது மென்மையான எஃகு. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் முடியும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். அதில் இரண்டு பக்கமும் மெதுவாக நாலைந்து இழுப்பு இழுத்தால் தக்காளித் தோல் வழுக்காமல் அறுபடும். நம் ஊர் உபயோகத்துக்கு இதைவிட உயர்ந்த எஃகு வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஸ்விஸ் கத்தியை விட்டு வெளியே வரலாமா என்றும் பார்த்தேன். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினல் 1890-ல் உருவாக்கிய கத்தி அழகில் எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். ஒரே அலகு, பீச் மரப் பிடி, அலகைப் பூட்ட ஒரு வளையம். எட்டாம் நம்பரின் அலகு எட்டரை சென்டிமீட்டர். பழம் நறுக்க அதற்கு இணை கிடையாது. ஆனால் சென்னைக்கு அது ஒத்துவரவில்லை. ஐப்பசி மழையில் மரம் ஊதிக்கொண்டு அலகை விரிப்பதே பாடாகிவிடும். கார்பன் எஃகு அலகு என்றால் கடற்காற்றில் துரு ஏறாமல் காப்பது தினசரி வேலை. ஸ்டெயின்லெஸ் அலகு வாங்கி, பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டிவந்தால் ஓரளவு சமாளிக்கலாம். கோவை, மதுரைக்காரர்களுக்கு இத்தனை தொல்லை இருக்காது. அவர்களுக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

எந்தக் கத்தியானாலும் கடையில் கையில் வாங்கிப் பாருங்கள். அலகை நகக்குழியில் பிடித்து விரிக்கும்போது நகம் வலிக்கக் கூடாது. பாதியில் விட்டால் அலகு தளர்ந்து விழவும் கூடாது. முழுக்க விரித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மடங்கிய அலகுகள் ஒன்றையொன்று உரசாமல் நிற்பது தெரிய வேண்டும். பிறகு மூடும்போது ‘டக்’ என்று விழும் சத்தத்தைக் கேளுங்கள். வில் நன்றாக இருக்கும் கத்தியில் அந்தச் சத்தம் உறுதியாக இருக்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு ஆயுத விதிகள் லைசென்ஸ் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு. வீட்டு, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் விமானத்தில் அது செக்-இன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். வெளிநாடு போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்குள், பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்திக்கு மட்டும்தான் காரணம் கேட்காத அனுமதி. கட்டுப்பாடுகள் இப்படிப் பெருகுவதைப் பார்த்துத்தான், அலகே இல்லாத கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக விக்டோரிநாக்ஸ் 2024-ல் அறிவித்தது.

கடைசியில் நான் வாங்கியது எவல்யூஷன் வரிசைக் கத்தி. வெங்கரின் 85 மில்லிமீட்டர் கத்திகளை விக்டோரிநாக்ஸ் கைவிடாமல் தன் பெயரில் தொடர்ந்த வரிசை அது. பிடி நடுவில் ஒடுங்கி வளைந்திருக்கிறது. பழையது போல வழவழவென்று நேராக இல்லை. முதலில் உள்ளங்கை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது பழகிவிட்டது. கத்தரி மட்டும் அதே கத்தரி. அதே பொடிப் பற்கள், அதே நெம்புகோல். பழைய வெங்கர் வைத்திருந்து தொலைத்தவர்களுக்கு இதைவிட நெருங்கிய ஈடு புதுக் கத்திகளில் கிடையாது.

உங்கள் பையில் இப்போது ஒரு பேனாக்கத்தி இருந்தால், இன்றைக்கே அதை விரித்து வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அலகின் அடியில் பொறித்திருப்பது படிக்கிற மாதிரி தெரியட்டும். மூடிய நிலையில் அதன் நீளத்தையும் அளந்து குறித்துவையுங்கள். மாடல் பெயர் தெரியாமல் தேடுவதுதான் இந்தத் தேடலிலேயே பெரிய சிரமம்.