மரு (தாவரம்)

மரு அல்லது மருவு (ஒரிகனம் மசோரானா) என்பது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த நறுமணமுள்ள பல்லாண்டுக் குறுஞ்செடி ஆகும். சைப்பிரசும் துருக்கியின் தென்பகுதியும் இதன் தாயகம். 1753 இல் லின்னேயசு இதற்கு அறிவியற் பெயரிட்டார். தமிழ்நாட்டில் இதன் தழை பூக்களுடன் சேர்த்துக் கதம்பமாகத் தொடுக்கப்படுகிறது. மணத்துக்காகவும் அழகுக்காகவும் இது வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது.

பெயர்க் குழப்பம்

மருக்கொழுந்து என்னும் பெயர் மருவின் கொழுந்தைக் குறிப்பது போலத் தோன்றினாலும், அது வேறொரு தாவரம் (ஆர்ட்டெமிசியா பாலென்சு). தவனம் என்றும் அழைக்கப்படும் அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. விதையிட்டு வளர்க்கப்படும் ஓராண்டுச் செடி. அதை மரு என்று எண்ணி நடுபவர், பூத்து முடிந்ததும் செடி பட்டுப்போவதைக் கண்டு தம் வளர்ப்பில் பிழை என்று கருத நேரும். தெலுங்கில் இவை மருவம், தவனம் எனத் தெளிவாகப் பிரிக்கப்படுகின்றன. திருத்தணி, பொதட்டூர்பேட்டை போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களில் இரு மொழிகளும் வழங்குவதால் இவ்வேறுபாட்டை அறிவது எளிது. இலையைப் பார்த்தாலும் போதும்: மருவின் இலை பிளவற்ற சிறு நீள்வட்டம், தவனத்தின் இலை நுண்ணிய பிளவுகள் கொண்டது.

தோற்றம்

மரு 30 முதல் 60 செ.மீ. உயரம் வளரும். சாம்பல் பச்சை நிற இலைகள் எதிரெதிராக அமைந்து, மென்மயிருடன் காணப்படும். வெண்மை அல்லது வெளிர் இளஞ்சிவப்பு நிறப் பூக்கள் முடிச்சுப் போன்ற கொத்துகளில் தோன்றும். பூ சிறிது, செடியின் அழகு தழையில்தான்.

வளர்ப்பு

உறைபனியைத் தாங்காததால் குளிர்நாடுகளில் மரு ஆண்டுதோறும் புதிதாக நடப்படுகிறது. உதகமண்டலத்திலும் பனிக்காலத்தில் இதற்குப் பாதுகாப்பு தேவை. திருத்தணிப் பகுதியில் உறைபனி இல்லை; எனவே இங்கு இதனைப் பல்லாண்டுச் செடியாகவே வளர்க்க இயலும். ஆனால் தேங்கும் நீர் இதற்குப் பகை. அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வேர் அழுகிச் செடி இறக்கலாம். ஆகவே மேட்டுப்பாத்தியிலோ, அடியில் துளையுள்ள தொட்டியிலோ மணல் கலந்த செம்மண்ணில் நடுதல் நன்று. மே மாத வெயிலில் பிற்பகல் நிழல் உதவும்.

தழையைப் பூக்கும் முன் கிள்ளினால் செடி அடர்ந்து கிளைக்கும். இலையற்ற முதிர்ந்த கட்டை எளிதில் துளிர்க்காது என்பதால் அடிவரை வெட்டுதல் கூடாது. சில ஆண்டுகளில் தண்டு கட்டைப்பட்டுவிடும். அதற்கு முன்பே, பூக்காத இளந்தண்டுகளை விரல் நீளத்தில் நறுக்கி, அடியிலைகளை நீக்கி, ஈரமணலில் நட்டுப் புதுச்செடிகளை உருவாக்கலாம். விதை மிகச் சிறியது. முளைத்த நாற்றும் மெதுவாகவே வளரும். எனவே வீட்டுத் தோட்டத்துக்குத் தண்டு நடும் முறையே ஏற்றது.